திருநீலகண்டமும் விடுதிக்குப் போகும் பிள்ளைகளும்

திருச்சிற்றம்பலம்.



சென்ற பிரதோஷத்தன்று அபிஷேகமும் தீபாராதனையும் நிறைவேறிய பின், மண்டபத்தில் நாம் பேசிய சில வார்த்தைகளை எழுத்தில் தரும்படி சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். அன்று வர இயலாத குடும்பங்களும் வீட்டில் இருந்து படிக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். நாம் பண்டிதர் அல்ல, பிரசங்கியாரும் அல்ல. கணக்கு எழுதிச் சீவிப்பவர்கள். ஆயினும் ஆவணி பிறந்ததும் கேட்டியில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு காரில் தலையணையும், சிறு குளிர்சாதனப் பெட்டியும், ஊறுகாய்ப் போத்தலும் ஏற்றப்படுவதைப் பார்க்கிறோம். ஆஸ்டினுக்கும் காலேஜ் ஸ்டேஷனுக்கும் டலாசுக்கும் பிள்ளைகள் புறப்படுகிறார்கள். அந்தக் காரில் ஏற்றாமல் விட்டுவிடுகிற ஒரு பொருளைப் பற்றியே அன்று பேசினோம்.

முதலில் பிரதோஷத்தின் கதையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். அமுதம் வேண்டித் தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்தார்கள். மந்தரமலை மத்து, வாசுகி கயிறு. அமுதம் வருமுன் ஆலகால விடம் எழுந்தது. கடைந்தவர்கள் எல்லோரும் கையை விட்டு ஓடிக் கயிலையில் அபயம் புகுந்தார்கள். ஆலாலசுந்தரர் அந்த விடத்தைத் திரட்டிக் கொண்டுவர, பெருமான் அதை வாங்கி உண்டார். அம்மை அவருடைய கண்டத்தைப் பிடிக்க, விடம் அங்கேயே நின்றது. அன்று முதல் அவர் திருநீலகண்டர்.

இக்கதையை நாம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். இம்முறை ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓடி வந்தவர்களைப் பார்த்துப் பெருமான் கேள்வி கேட்கவில்லை. “யாரைக் கேட்டுக் கடைந்தீர்கள்? இது உங்களுக்குத் தேவையா? உங்களை எத்தனை தரம் எச்சரித்தோம்?” என்று ஒரு வார்த்தை இல்லை. விடம் பரவிக்கொண்டிருந்தது, அதனால் முதலில் அதைக் கையில் வாங்கினார். விசாரணை இல்லாமலும் போகவில்லை. ஏகாதசியில் விடம் உண்ணப்பட்டது. துவாதசியில் தேவர்கள் அமுதம் உண்டு மகிழ்ந்தார்கள், காத்தவரை மறந்தார்கள். திரயோதசி மாலையில்தான் தம் பிழையை உணர்ந்து வந்து பணிந்தார்கள். பெருமான் மன்னித்து நந்தியின் கொம்புகளுக்கிடையே ஆடினார் என்பது மரபு. ஆகவே பிழையைப் பேசுவதற்கும் ஒரு திதி உண்டு. ஆனால் அது ஏகாதசி அன்று.

இனி எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். மகனுடைய சம்மதம் பெற்றே எழுதுகிறோம்.

இந்த மாநிலத்திலே ஒரு பல்கலைக்கழகத்தில் மகன் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு வெள்ளி இரவு 2 மணியளவில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் மகனுடைய குரல். முதற் சொல்லே, “அப்பா, ஏச மாட்டீங்கள்தானே?”

நாம் செய்த முதற்பிழை அப்போதுதான். “நீ குடிச்சனியோ? ஆரோடை நிக்கிறாய்?” என்று கேட்டோம். அவன் தடுமாறினான். தான் கொஞ்சம் குடித்ததாகவும், அறைத்தோழன் மிகவும் குடித்து வாந்தி எடுத்துவிட்டு இப்போது எழுப்பினால் எழும்பவில்லை என்றும் சொன்னான். எமக்குக் கோபம் தலைக்கேறியது. எவ்வளவு பாடுபட்டு, எந்தத் தேசத்திலிருந்து வந்து, என்ன செலவில் படிக்க அனுப்பினோம் என்று தொடங்கிவிட்டோம். எத்தனை நிமிடம் பேசினோம் என்று இன்றும் எமக்குத் தெரியாது. பிள்ளையின் தாயார் எழும்பி வந்து தொலைபேசியைப் பறித்தார்.

“தம்பி, அந்தப் பிள்ளை ஒழுங்காய் மூச்சு விடுறானோ?”

“குறட்டை மாதிரிச் சத்தம் வருது அம்மா. பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் வரேல்லை.”

“அவனை ஒருக்களிச்சுப் படுக்க வை. இந்தப் போனை வைச்சிட்டு 911க்கு எடு. அவையள் வரும்வரைக்கும் அவனை விட்டிட்டுப் போகாதை. மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்.”

அம்புலன்ஸ் வந்தது. அந்தப் பிள்ளை பிழைத்தான். வைத்தியசாலையில் சொன்னார்களாம், இன்னும் தாமதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்று. பின்னர் மகனிடம், “ஏன் முதலில் 911ஐ அழைக்காமல் எங்களை அழைத்தாய்?” என்று கேட்டோம். அவன் சொன்ன விடை எங்களைச் சுட்டது. அறையில் இருந்த நால்வரும் நெடுநேரம் வாதாடினார்களாம். பொலிஸ் வந்தால் வழக்கு வரும் என்றான் ஒருவன். என் விசா போய்விடும் என்றான் இன்னொருவன். “அப்பாவுக்குத் தெரிந்தால்...” என்று நினைத்தது எங்கள் பிள்ளை. தூங்க விட்டால் காலையில் சரியாகிவிடும் என்று மற்றவன் சொன்னான். ஒரு உயிர் தரையில் கிடக்க, நான்கு நல்ல பிள்ளைகள் நான்கு பயங்களோடு நின்றிருக்கிறார்கள். அந்த நான்கில் ஒன்று நாம் ஊட்டி வளர்த்த பயம்.

நாம் பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் விதிகளை எடுத்து வாசித்தோம். கணக்காளர்களுக்குச் சிறு எழுத்தை வாசிப்பது தொழில். ஆனால் பிள்ளையைச் சேர்த்த நாளில் நாம் கட்டணப் பட்டியலை வாசித்தோமே அன்றி நடத்தை விதிகளை வாசிக்கவில்லை. உங்களில் பலரும் அப்படியே இருப்பீர்கள் என்பதால் சுருக்கத்தைச் சொல்லுகிறோம்.

மத்திய அரசின் பணம் பெறும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவருக்கும் எழுத்தில் ஐந்து விடயங்களை அறிவிக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். வளவிற்குள் எது தடை, சட்டப்படி என்ன தண்டனை, உடலுக்கு என்ன கேடு, உதவியும் ஆலோசனையும் எங்கே கிடைக்கும், பல்கலைக்கழகம் தானே என்ன ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் என்பனவே அவை. அது பிள்ளையின் மின்னஞ்சலில் வந்து திறக்கப்படாமல் கிடக்கும்.

சட்டம் கடுமையானதுதான். டெக்சாசில் 1986 முதல் குடிக்கும் வயது 21. அதற்குக் குறைந்தவர் மது வைத்திருந்தால் 500 டொலர் வரை அபராதம், சமூக சேவை, மது விழிப்புணர்வு வகுப்பு, வாகன உரிமம் 30 நாள் இடைநிறுத்தம். அது முதற் குற்றத்துக்கு. 21 வயதுக்குக் குறைந்தவர் வாகனம் ஓட்டும்போது மூச்சில் எவ்வளவு சிறிதளவு மது தென்பட்டாலும் குற்றமே. கஞ்சா இரண்டு அவுன்சுக்குள் இருந்தாலும் 180 நாள் வரை சிறைக்கு இடமுண்டு. கஞ்சாச் சத்தை எண்ணெயாக்கி ஊதுகுழலில் அடைத்து விற்கிறார்களே, அது இங்கே இலை போலக் கணிக்கப்படுவதில்லை. ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் அது பெருங்குற்ற வகை. கலிபோர்னியாவில் 2016இல் வாக்கெடுப்பில் வயது வந்தோருக்கு அனுமதி கிடைத்ததைக் கண்டு, ஒன்றுவிட்ட சகோதரர்கள் அங்கே செய்வதை இங்கே செய்யலாம் என்று எம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. அங்கேகூடப் பல்கலைக்கழக வளவுக்குள் அதற்குத் தடைதான்.

ஆனால் இந்தக் கடுமையான விதிகளுக்குள் ஒரு கருணை விதி இருக்கிறது. அதைத்தான் அந்த அறையிலிருந்த நால்வரும் அறியவில்லை.

அதன் பின்னால் ஒரு துக்கம் உண்டு. 2008 டிசம்பரில், ஆஸ்டின் நகரைச் சேர்ந்த 18 வயது மாணவன் ஒருவன் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் பொலிப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். சகோதரச் சங்கம் ஒன்றில் புதியவர்களைச் சேர்க்கும் இரவில் அளவு மீறிக் குடிக்க வைத்தார்கள். அவன் மயங்கியதும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகக் காரில் ஏற்றினார்கள். பின் தமக்கு வழக்கு வரும் என்று அஞ்சித் திருப்பிக் கொண்டுவந்து ஒரு மெத்தையில் படுக்க வைத்தார்கள். காலையில் அவன் இல்லை. காரில் ஏற்றியவர்கள் கொலைகாரர்கள் அல்லர். ஏற்றும்போது இரக்கம் இருந்தது. இறக்கும்போது பயம் அதை வென்றுவிட்டது.

அவனுடைய பெற்றார் ‘அவேர் அவேக் அலைவ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, மற்றப் பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று உழைத்தார்கள். ஆஸ்டினைச் சேர்ந்த செனட்டர் கர்க் வாட்சன் கொண்டுவந்த மசோதா 2011 செப்டெம்பர் 1 முதல் டெக்சாசின் சட்டமானது. 21 வயதுக்குக் குறைந்த ஒருவர், தனக்கோ இன்னொருவருக்கோ மது அளவு மீறிவிட்டது என்று அவசர உதவி கேட்டால், தான் குடித்ததற்காகவும் மது வைத்திருந்ததற்காகவும் அவர்மேல் அந்தக் குற்றம் சாராது. உதவி கேட்டவர்களில் அவர் முதலாமவராக இருக்கவேண்டும். இன்னொருவருக்காகக் கேட்டிருந்தால், உதவி வரும்வரை அங்கேயே நிற்கவேண்டும், வந்தவர்களோடு ஒத்துழைக்கவேண்டும். பிள்ளையின் தாயார் சட்டம் வாசித்தவர் அல்லர். ஆனால் அன்றிரவு அவர் சொன்ன மூன்று வாக்கியங்களில் அந்தச் சட்டம் முழுவதும் இருந்தது.

பல பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதிகளிலும் இத்தகைய மருத்துவ மன்னிப்பை வைத்திருக்கின்றன. கோர்னெல் பல்கலைக்கழகம் 2002இலேயே இதைத் தொடங்கியது. அங்கே பின்னர் ஆராய்ந்தபோது உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடியிருந்தன. எங்கள் மகனையும் மாணவர் அலுவலகம் அழைத்துப் பேசியது. ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு எதுவும் எழுதவில்லை. ஏகாதசியில் உயிரைக் காத்து, திரயோதசியில் அழைத்துப் பேசினார்கள் என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

“தூங்க விட்டால் சரியாகிவிடும்” என்பது ஏன் பிழை என்பதையும் பெற்றார் அறிய வேண்டும். இந்நாட்டில் ஒரு அளவு மது என்பது 14 கிராம் சுத்த மதுசாரம். பன்னிரண்டு அவுன்ஸ் பியர், ஐந்து அவுன்ஸ் வைன், ஒன்றரை அவுன்ஸ் விஸ்கி மூன்றிலும் ஏறத்தாழ அதே அளவுதான் உண்டு. ஈரல் ஏறக்குறைய மணிக்கு ஓர் அளவையே கரைக்கும். வேகமாகக் குடித்தவன் மயங்கிய பின்பும் வயிற்றில் உள்ளது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே படுத்தபோது இருந்ததைவிட ஒரு மணி நேரத்தின் பின் அவன் நிலை மோசமாகலாம். வாந்தி வந்தால் தொண்டையின் இயல்பான காவல் வேலை செய்யாது, மூச்சுக்குழல் அடைபடும். கோப்பியும் குளிர்ந்த நீரும் இதை மாற்றா. எழுப்பினால் எழும்பாமை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைந்த மூச்சு, மூச்சுக்கு மூச்சு பத்து விநாடி இடைவெளி, குளிர்ந்து நீலம் பாய்ந்த தோல், வலிப்பு, இவற்றில் ஒன்று கண்டாலும் மற்றவை வரும்வரை காத்திராமல் 911ஐ அழைக்க வேண்டும்.

மாத்திரைகளின் கதை இன்னும் கொடியது. பரீட்சைக் காலத்தில் விழித்திருக்க அடெரால் என்றும், நித்திரைக்கு சானக்ஸ் என்றும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்குகிறார்கள். “அது போதை இல்லை அப்பா, படிப்புக்கு” என்பார்கள். வெளியில் வாங்கும் அந்த மாத்திரை, மருந்துக் கடையில் வருவது போலவே அச்சிட்ட போலியாக இருக்கலாம். அதில் பென்டனில் கலந்திருந்தால், இரண்டு மில்லிகிராமே உயிரைக் குடிக்கப் போதும் என்று அமெரிக்கப் போதைத் தடுப்பு நிர்வாகம் எச்சரிக்கிறது. நண்பனுக்கு இரக்கப்பட்டு ஒரு மாத்திரை கொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் விநியோகம். நலோக்சோன் என்ற மூக்கில் அடிக்கும் மருந்து 2023 மார்ச்சில் மருத்துவச் சீட்டு இன்றி விற்க அனுமதிக்கப்பட்டது. பிள்ளையின் முதலுதவிப் பெட்டியில் அது இருப்பது பிள்ளைமேல் சந்தேகம் என்று பொருள் அல்ல. காரில் மேலதிக சக்கரம் வைப்பதைப் போன்றது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கருணை விதி குடிப்பதற்கான அனுமதிச்சீட்டு அல்ல. குடித்துவிட்டு ஓட்டுவதையும், மற்றவருக்கு வாங்கிக் கொடுப்பதையும் அது மன்னிப்பதில்லை. போதைப்பொருள் மிகைக்கு உதவி கேட்பவருக்கு டெக்சாஸ் 2021இல்தான் ஒரு பாதுகாப்பை ஏற்படுத்தியது. அதுவும் சிறு அளவுகளுக்கே. முன்பு போதைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு அது கிடையாது, வேறு விதிவிலக்குகளும் உண்டு. ஆயினும் ஒருவன் மூச்சின்றிக் கிடக்கும்போது அந்த விதிவிலக்குகளை எண்ணிக்கொண்டு நிற்பது தருமமாகாது. வழக்கைப் பிறகு வழக்கறிஞரோடு நடத்தலாம்.

எங்களைப் போல அகதியாக வந்தவர்களுக்கும், மாணவ விசாவில் பிள்ளையை அழைத்தவர்களுக்கும், கிரீன் கார்ட் வைத்திருப்பவர்களுக்கும் இன்னொரு கணக்கு உண்டு. குடியுரிமை பெறாத ஒருவர் போதைப்பொருள் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்த அது காரணமாகலாம். சொந்தப் பாவனைக்கு 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சா வைத்திருந்த ஒரேயொரு குற்றத்துக்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு. உள்ளூர் நீதிமன்றத்தில் “குற்றத்தை ஒப்புக்கொண்டு சில மாதம் ஒழுங்காக இருந்தால் வழக்குத் தள்ளுபடி” என்று ஒரு ஏற்பாடு சொல்வார்கள். மாநிலத்துக்கு அது தள்ளுபடி, குடிவரவுச் சட்டத்துக்கு அது தண்டனையாகவே கணிக்கப்படலாம். எனவே குடிவரவுச் சட்டம் அறிந்தவரைக் கேட்காமல் எந்தத் தாளிலும் பிள்ளை கையெழுத்திட விடாதீர்கள். தன் கட்சிக்காரர் நாடு கடத்தப்படக்கூடும் என்பதை வழக்கறிஞர் அவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

“இப்படி ஏதும் நடந்தால் பல்கலைக்கழகம் எங்களுக்கு அறிவிக்கும்தானே?” என்று அன்று மண்டபத்தில் ஒரு தாயார் கேட்டார். கட்டாயம் அறிவிக்கும் என்று எண்ணியிராதீர்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பிள்ளையின் பதிவுகள்மேல் உரிமை பிள்ளைக்கே. 1998இல் செய்த திருத்தம், 21 வயதுக்குக் குறைந்த மாணவர் மது அல்லது போதை விதியை மீறினால் பெற்றாருக்குத் தெரிவிக்கலாம் என்று இடம் கொடுத்தது. தெரிவிக்கத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. வருமான வரிப் படிவத்தில் பிள்ளையை உங்களில் தங்கியிருப்பவராகக் காட்டியிருந்தால் பதிவுகளைக் காட்டவும் அவர்களுக்கு இடம் உண்டு, கட்டாயம் இல்லை. ஆகவே வகுப்புக் கட்டணம் முழுவதையும் நாம் செலுத்தினாலும், அந்த இரவின் செய்தி எமக்கு வரக்கூடிய உறுதியான வழி ஒன்றே ஒன்று. அது பிள்ளையின் வாய். அந்த வாயை நாம் பயத்தால் பூட்டி அனுப்புகிறோமா என்பதே கேள்வி.

எமது சமயம் கள்ளை ஒருநாளும் அனுமதித்ததில்லை. நாவலர் பெருமான் சிறுவர்க்கு எழுதிய பாலபாடத்திலே கள்ளுண்ணலைக் கண்டித்து ஒரு பாடம் உண்டு. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. குடித்தவனைப் பெற்ற தாயே பார்க்கப் பொறுக்கமாட்டாள் என்ற கருத்தை வள்ளுவர் அங்கே வைக்கிறார். சிறுவயதில் நாம் அதைத் தாயின் வெறுப்பு என்று விளங்கிக்கொண்டோம். அந்த வெள்ளி இரவுக்குப் பின் வேறாக விளங்குகிறது. தாயின் முகம் நோவது அன்பினால். அந்த நோவைப் பார்க்க அஞ்சிப் பிள்ளை அவளிடமிருந்து ஒளிந்தால், காப்பவளிடமிருந்தே ஒளிந்தவன் ஆகிறான்.

எமது வீடுகளையும் சற்றுப் பார்ப்போம். பிறந்தநாள் விழாவுக்குப் போனால் பெண்கள் உள்ளே, ஆண்கள் வாகனக் கொட்டகையில். அங்கே ஐஸ் பெட்டியும் போத்தலும். பிள்ளைகள் எல்லாவற்றையும் கண்டபடி ஓடி விளையாடுகிறார்கள். பதினெட்டு வயது மருமகனுக்கு, “இனி நீயும் ஆம்பிளை” என்று ஒரு பியரை நீட்டும் மாமன்மார் இருக்கிறார்கள். பெற்றார் தம் கண்ணெதிரில் தம் பிள்ளைக்குக் கொடுப்பதை டெக்சாஸ் சட்டம் குற்றமாக்கவில்லை. ஆனால் மாமன் கொடுத்தால் ஓராண்டுச் சிறைவரையும் 4,000 டொலர் அபராதம் வரையும் போகலாம். இதை அன்று சொன்னபோது மண்டபத்தில் சில தலைகள் குனிந்தன. எமது தலையும் குனிந்தது. ஊரிலே தவறணைக்குப் போய்வந்தவனை ஒழுங்கை முழுவதும் கண்டது. அந்தக் கண்களே அரைக் காவல். இங்கே விடுதிக் கதவு மூடினால் காண்பவர் இல்லை. நாம் வீட்டில் செய்ததே பிள்ளை அறையில் செய்யும்.

ஊர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்துகொண்டிருந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிக்கு அடி நகர்ந்தோம். எமக்கு 14 வயது. எங்கள் ஒழுங்கையில் குடிகாரர் என்று பெயர் எடுத்த ஒருவர் வழியோரம் விழுந்து கிடந்தார். எங்கள் ஐயா அவரோடு பல வருடமாகப் பேச்சு இல்லை. குடித்து விழுந்தாரோ, காய்ச்சலில் விழுந்தாரோ, யாரும் கேட்கவில்லை. ஐயா சைக்கிள் கரியரில் இருந்த எங்கள் உடுப்பு மூட்டையை எடுத்து எமது தலையில் வைத்துவிட்டு, அவரை அதில் இருத்தித் தள்ளிக்கொண்டு நடந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய பின், நாலைந்து நாள் கழித்து, ஐயா அவரை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய் நெடுநேரம் கண்டித்தார். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்ததை நாம் தூரத்தில் நின்று பார்த்தோம். கரியரில் ஏற்றியவர் என்பதனால்தான் ஐயாவின் கண்டிப்பை அவர் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஐயாவுக்குப் பிறந்த நாம், முப்பது வருடத்தின் பின் தொலைபேசியில் முதலில் கேட்டது, “நீ குடிச்சனியோ?”

ஆகவே அடியார்களே, பிள்ளையின் கார் புறப்படுமுன் நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று, பிள்ளையோடு அருகில் இருந்து அப்பல்கலைக்கழகத்தின் மது, போதை விதிகளை ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். மருத்துவ மன்னிப்பு விதி உண்டா, அது யாரைக் காக்கும், அழைத்தவரை மட்டுமா, விழுந்தவரையுமா என்று பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் சொல் வேறுபடும்.

இரண்டு, குடிக்கக் கூடாது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நாம் சைவர்கள், இது எங்கள் நெறி என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். காரணத்தையும் சொல்லுங்கள்.

மூன்று, அதே மூச்சில் இதையும் சொல்லுங்கள்: “உனக்கோ, உன் பக்கத்தில் நிற்பவனுக்கோ ஆபத்து என்றால் முதலில் 911. அடுத்தது நாங்கள். எந்த நேரமானாலும் எடு. அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம்.” சொன்னால் காப்பாற்றுங்கள். ஒருமுறை தவறினால் இரண்டாவது அழைப்பு வராது.

நான்கு, பிறகு பேசுங்கள். பேசாமல் விடுவது கருணை ஆகாது. ஒரு நாள் பொறுத்து, சாப்பாடு கொடுத்து, தாயும் தந்தையும் சேர்ந்திருந்து பேசுங்கள். பழக்கமாகிவிட்டது என்று கண்டால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் போக வழி செய்யுங்கள். அதை மானக்கேடு என்று மறைத்து, “கண்ணூறு பட்டுவிட்டது” என்று அருச்சனையோடு நிறுத்திவிடாதீர்கள். அருச்சனையும் செய்யுங்கள், ஆலோசகரிடமும் போகட்டும்.

ஐந்து, அயல்வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததைக் கேள்விப்பட்டால் கோயிலில் அதைக் கதையாக்காதீர்கள். எங்கள் பிள்ளைகள் பொலிசுக்கு அஞ்சுவதைவிட எங்கள் மண்டபத்துக்கு அஞ்சுகிறார்கள். அறையில் நின்ற அந்த நாலு பயங்களில் ஒன்றை நீக்க எமக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

வருட முடிவில் நாம் ஐந்தொகை எழுதும்போது, வரக்கூடிய நட்டத்துக்கு முன்கூட்டியே ஓர் ஒதுக்கு வைப்பது வழக்கம். அது நட்டத்தை விரும்பி வைப்பதல்ல. வந்தால் வீடு கவிழாதிருக்க வைப்பது. பிள்ளைக்குக் கொடுக்கும் இந்த வாக்கும் அப்படியே.

அடுத்த பிரதோஷத்தில் பிள்ளைகளோடு வாருங்கள். நந்தியெம்பெருமானுக்கு முன் நின்று, பிள்ளை விடத்தைக் கையில் ஏந்தி ஓடி வரும் நாளில், அதை வாங்கும் கைகளாக எமது கைகள் இருக்க வேண்டும் என்று பெருமானைக் கேட்போம். விழுங்கவும் வேண்டாம், அவன் முகத்தில் உமிழவும் வேண்டாம். கண்டத்தில் நிறுத்தினால் போதும். அன்றிரவு சொல்ல வேண்டிய வார்த்தையைப் பிள்ளையின் தாயார் எமக்குச் சொல்லித் தந்துவிட்டார்: மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்.

எல்லாப் பிள்ளைகளும் நலமாகச் சென்று நலமாகத் திரும்பத் திருநீலகண்டப் பெருமான் அருள்புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.